மூன்று பெட்டி, மூன்று விலை

காரின் ஆக்ஸிஜன் சென்சார் பழுதானால் கார் கம்பெனி கேட்கும் விலையைக் கொடுத்தே தீர வேண்டுமா? பாதி விலைக்குக் கிடைப்பதை நம்பி மாட்டலாமா? அனுபவத்தில் கற்ற பாடமும், கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவையும்.

சென்னை ஜி.பி. ரோட்டில் ஓர் உதிரிபாகக் கடை. என் காரின் மாடலையும் வருடத்தையும் கேட்டுக்கொண்ட கடைக்காரர், உள்ளே போய் மூன்று பெட்டிகளை எடுத்துவந்து கண்ணாடி மேசைமேல் வரிசையாக வைத்தார். மூன்றிலும் இருந்தது ஆக்ஸிஜன் சென்சார். முதல் பெட்டியில் கார் கம்பெனியின் முத்திரை. விலை 7,400 ரூபாய். இரண்டாவதில் சென்சார் தயாரிக்கும் கம்பெனியின் பெயர், 3,100 ரூபாய். மூன்றாவது வெறும் வெள்ளை அட்டைப் பெட்டி. செய்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, 950 ரூபாய்.

"மூணுமே உங்க வண்டிக்கு உட்காரும் சார். எது வேணும்?"

என்னுடையது ஒன்பது வருடமான சிறிய பெட்ரோல் கார். 82,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. லிட்டருக்கு 16 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 13க்கு இறங்கியது. சிக்னலில் நிற்கும்போது பெட்ரோல் நெடி அடித்தது. ஒரு நாள் காலை டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது, அணையவில்லை. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, ஆக்ஸிஜன் சென்சார் மாற்ற வேண்டும், கூலியோடு 9,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஜி.பி. ரோட்டுக்குப் போனேன்.

வெள்ளைப் பெட்டியை வாங்கினேன். ஒயரை இணைக்கும் கப்ளர் பொருந்தியது, மரை பொருந்தியது, விளக்கும் அணைந்தது. நான்காவது மாதம் மறுபடி எரிந்தது.

இரண்டாவது முறை கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய காரை வைத்துக் குடும்பத்தை நடத்துகிறவர்கள், கடனில் வாங்கிய கால் டாக்ஸியை ஓட்டுகிறவர்கள், முதல் கார் வாங்கிய ஆசிரியர்கள் எல்லோருக்கும் இந்த மூன்று பெட்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நாள் வரும். மலிவானதை வாங்குவதில் குற்றமோ கூச்சமோ இல்லை. எதை வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்குவதுதான் நம்மைக் கெடுக்கிறது.

அடுப்பும் ஊதுகுழலும்

விறகடுப்பில் சமைத்தவர்களுக்கு எஞ்சினின் கணக்கு எளிதில் புரியும். காற்று போதாவிட்டால் விறகு புகையும், கண் எரியும். ஊதுகுழலால் ஊதினால் சுடர் எழும். அளவுக்கு மேல் காற்று வந்தால் விறகு மளமளவென்று எரிந்து, உலையில் ஏற வேண்டிய சூடு வீணாகும். அடுப்பருகே இருப்பவர் புகையைப் பார்த்து ஊதுவதா நிறுத்துவதா என்று முடிவுசெய்வார்.

எஞ்சினில் அந்தப் புகையைப் பார்க்கும் வேலை ஆக்ஸிஜன் சென்சாருடையது. ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் அதிகமானால் மெக்கானிக்குகள் 'ரிச்' என்பார்கள். காற்று அதிகமானால் 'லீன்'. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை சைலன்ஸரை நோக்கிப் போகும் வழியில், விரல் நீளத்துக்கு ஒரு சென்சார் மரையிட்டுத் திருகப்பட்டிருக்கும். புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அது பார்த்துச் சொல்ல, இசியு எனப்படும் எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது.

சென்சாரின் முனையில் இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். சூடேறிய சிர்கோனியா வழியே ஆக்ஸிஜன் அயனிகள் நகரும். அதன் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் எஞ்சின் புகை. இரண்டு பக்கமும் ஆக்ஸிஜன் அளவு வேறுபடும்போது சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. புகை ரிச்சாக இருந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட், லீனாக இருந்தால் ஏறத்தாழ 0.1 வோல்ட். சரியான கலவை நடுவில் 0.45 வோல்ட் அருகே. நல்ல சென்சார் ஒரு நொடிக்குள் இந்த இரண்டு எல்லைக்கும் போய்வரும். வயதான சென்சார் மெதுவாக அசையும், அல்லது ஒரே பக்கம் சாய்ந்து நின்றுவிடும்.

பீங்கான் வேலை செய்ய 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். புகையின் சூட்டை மட்டும் நம்பினால் அதற்கு நேரமாகும். அதனால் சென்சாருக்குள்ளேயே ஒரு சிறு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். வண்டியைக் கிளப்பியதும் அது முனையைச் சூடேற்றிவிடும். நாம் பிள்ளையைப் பள்ளியில் விடவும், காய்கறி வாங்கவும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்கள். அந்தக் குறுகிய பயணம் முழுவதும் இந்த ஹீட்டரை நம்பித்தான் நடக்கிறது. நான் வாங்கிய 950 ரூபாய் சென்சாரில் முதலில் கருகியது இந்த ஹீட்டர்தான்.

விளக்கில் தொடங்கிய பீங்கான்

இந்தப் பீங்கானின் கதை காருக்கு முந்தியது. ஜெர்மனியில் வால்டர் நெர்ன்ஸ்ட் என்ற விஞ்ஞானி, இருபுறமும் அடர்த்தி வேறுபட்டால் எவ்வளவு மின்னழுத்தம் பிறக்கும் என்பதற்கான சமன்பாட்டை 1889இல் வகுத்தார். 1897இல் அவரே சிர்கோனியாவில் யிட்ரியா கலந்த குச்சியைச் சூடேற்றி ஒளிரவைத்து ஒரு மின்விளக்கு செய்தார். 1920ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. விளக்கு வழக்கொழிந்தது. சமன்பாடும் பீங்கானும் நிலைத்தன.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கார்ப் புகைக்கு எதிரான சட்டங்கள் இறுகிய காலத்தில், ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இந்தப் பீங்கானைக் காருக்குக் கொண்டுவந்தது. 1976இல் பெருமளவு உற்பத்தி தொடங்கியது. அமெரிக்காவில் விற்ற வோல்வோ 240 வரிசைக் கார்களில் முதலில் பொருத்தப்பட்டது. காற்று-எரிபொருள் விகிதத்தைக் குறிக்கும் கிரேக்க எழுத்தை வைத்து அதற்கு 'லாம்டா சென்சார்' என்று பெயர். ஹீட்டர் வைத்தது 1982இல் வந்தது.

நம் நாட்டில் 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அதற்காகவே ஈயம் கலக்காத பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. கன்வெர்ட்டரையும் சென்சாரையும் கெடுக்கும் நஞ்சு ஈயம். குழந்தைகளின் மூளைக்கும் அது நஞ்சு. கார்ப் புகையைச் சுத்தம் செய்யும் வேலை நம் ஊர்க் குழந்தைகளின் உடம்போடு தொடர்புள்ளது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

பிறகு வாகனப் புகைக்கு வரம்பு வைக்கும் பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ்) விதிகளும், 2020 ஏப்ரல் முதல் நாட்டுக்கே பி.எஸ்.6 விதிகளும் வந்தன. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார் என்பது வழக்கமானது. முன்னது கலவையைச் சரிபார்க்கிறது. பின்னது கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கண்காணிக்கிறது. கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். கலவை சரியான விகிதத்தை ஒட்டி இருந்தால்தான் அது கார்பன் மோனாக்ஸைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்ஸைடு மூன்றையும் ஒருசேரக் குறைக்க முடியும். சென்சார் பொய் சொன்னால் பெட்ரோல் கூடும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அதீதச் சூட்டில் உள்ளிருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகிவிடக்கூடும். சென்சாரில் மிச்சம் பிடித்த பணத்தைப்போலப் பல மடங்கை அங்கே கொடுக்க நேரும்.

பெட்டிக்குள் இருப்பது யார் செய்தது?

விளக்கு இரண்டாம் முறை எரிந்தபோது அயனாவரத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போனேன். மல்டிமீட்டரைச் சென்சாரின் இரண்டு ஹீட்டர் ஒயர்களில் வைத்தார். சில ஓம்கள் காட்ட வேண்டிய இடத்தில் மீட்டர் எதையும் காட்டவில்லை. உள்ளே கம்பி அறுந்திருந்தது.

"முதல்ல கழட்டின கம்பெனி சென்சாரை வெச்சிருக்கீங்களா சார்?"

டிக்கியில் ஒரு பையில் கிடந்தது. அதை வாங்கித் துணியால் துடைத்தார். ஸ்பானர் பிடிக்கும் அறுகோணப் பகுதிக்கு மேலே, சூட்டில் நிறம் மாறிய உலோகத்தில் எழுத்துகள் தெரிந்தன. கார் கம்பெனியின் பெயர் அங்கே இல்லை. இருந்தது சென்சார் செய்யும் கம்பெனியின் பெயரும் அதன் எண்ணும். ஜி.பி. ரோட்டில் நான் தள்ளிவைத்த இரண்டாவது பெட்டியில் அச்சிட்டிருந்த அதே பெயர்.

"பெட்டியைப் பார்க்காதீங்க சார். இரும்புல என்ன அடிச்சிருக்குன்னு பாருங்க."

கார் தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. கார் தொழிற்சாலை எல்லாப் பாகத்தையும் தானே செய்வதில்லை. பல பாகங்களை வெண்டர்களிடமிருந்து வாங்கிக் கோக்கிறது. ஆக்ஸிஜன் சென்சாரை உலகில் பெருமளவில் செய்பவர்கள் சிலரே: ஜெர்மனியின் பாஷ், ஜப்பானின் டென்ஸோ, ஸ்பார்க் பிளக்குக்குப் பெயர்பெற்ற என்.ஜி.கே. குழுமத்தின் என்.டி.கே. ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இவர்கள் செய்யும் சென்சார் கார் கம்பெனியின் பெட்டியில் ஒரு விலைக்கும், தங்கள் சொந்தப் பெட்டியில் வேறு விலைக்கும் விற்கப்படுகிறது.

இந்த வித்தியாசத்தை வாங்குபவர் பயன்படுத்திக்கொள்ள முடியாமல் தடுத்ததற்கு நம் நாட்டில் பெரிய தண்டனை விதிக்கப்பட்டதுண்டு. ஒரு தனிநபரின் புகாரில் தொடங்கிய விசாரணையில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உண்மையான உதிரிபாகங்களும் பழுது அறியும் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைக்காமல் தடுத்தார்கள், பாகம் செய்து தரும் நிறுவனங்கள் நேரடியாக விற்கவும் கட்டுப்பாடு வைத்தார்கள் என்பது குற்றம். வெளி மெக்கானிக்கிடம் வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனாலும் பாகத்தைச் செய்தவரிடமிருந்தே வாங்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு என்ற கருத்து அந்த உத்தரவில் அழுத்தமாகப் பதிவானது. 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தொடங்கிய 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்திலும் வாகனத் துறை சேர்க்கப்பட்டிருக்கிறது.

ஒரே சொல், நான்கு சரக்கு

கடையில் 'கம்பாட்டிபிள்' என்ற ஒரே சொல்லால் நான்கு வகைச் சரக்கைத் தருகிறார்கள். இவற்றைப் பிரித்தறிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

முதல் வகை, சென்சார் செய்தவரே தன் பெயரில், உங்கள் காருக்கென்றே கப்ளரோடு விற்பது. ஒயர் நீளமும் கப்ளரும் கம்பெனி சென்சாரைப் போலவே இருக்கும். கழற்றி மாட்ட வேண்டியதுதான். வாரண்டி முடிந்த கார் வைத்திருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று நான் சொல்வது இதை மட்டும்தான். அதிலும் எண் சரிபார்த்த பிறகு.

இரண்டாவது, பெயருள்ள கம்பெனியின் 'யுனிவர்சல்' சென்சார். இதில் கப்ளர் இருக்காது. பழைய சென்சாரின் கப்ளரை வெட்டிப் புதியதோடு ஒயர் சேர்க்க வேண்டும். விலை இன்னும் குறையும், கைவேலை கூடும். நான்கு ஒயரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டும் ஹீட்டருக்கு. மீதி இரண்டில் ஒன்று சிக்னல், ஒன்று எர்த். ஆனால் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாஷ் சென்சாரில் ஹீட்டர் ஒயர்கள் வெள்ளை, சிக்னல் கறுப்பு, எர்த் சாம்பல். டென்ஸோவில் ஹீட்டர் ஒயர்கள்தான் கறுப்பு. சிக்னல் நீலம், எர்த் வெள்ளை. நிறத்துக்கு நிறம் என்று சேர்த்தால் சிக்னல் போகும் வழியில் ஹீட்டரின் 12 வோல்ட் பாய்ந்துவிடும். இன்னொன்றும் உண்டு. பல சென்சார்களில் வெளிக்காற்று பீங்கானின் உட்புறத்துக்குப் போவதே ஒயரின் இழைகளுக்கு இடையில் உள்ள நூலிழை இடைவெளி வழியாகத்தான். சால்டர் வைத்தாலோ கிரீஸ் தடவினாலோ அந்த மூச்சுவழி அடைபடும். கம்பெனி தரும் கிரிம்ப் இணைப்பானைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்தப் பொறுமை உள்ள மெக்கானிக் கிடைத்தால் மட்டும் இந்த வகைக்குப் போங்கள்.

மூன்றாவது, நான் வாங்கிய வெள்ளைப் பெட்டி. வெளிப்பார்வைக்கு அச்சு அசல். பீங்கானின் தரம், பூச்சின் தடிமன், ஹீட்டரின் ஆயுள் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பழுதானால் யாரைக் கேட்பது என்று தெரியாத பொருள். இதைவிட மோசமானது, பெயருள்ள கம்பெனியின் பெட்டியைப்போலவே அச்சடித்து வரும் போலி. வெள்ளைப் பெட்டி தன் பெயரை மட்டும்தான் மறைக்கிறது. போலியோ அடுத்தவர் பெயரில் வந்து நம்மை ஏமாற்றுகிறது.

நான்காவது, பழைய வண்டியிலிருந்து கழற்றிய சென்சார். பழைய பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு கதவோ, கண்ணாடியோ, ஹெட்லைட்டோ தேடி வாங்குவதில் தவறே இல்லை. பழைய கார்களை ஓடவைத்துக்கொண்டிருக்கும் தெருக்கள் அவை. ஆனால் சென்சார் ஓட ஓடத் தேயும் பொருள். நான்கு ஒயரும் ஹீட்டரும் உள்ள சென்சார் பொதுவாக ஒரு லட்சம் கிலோமீட்டர் அளவில் மாற்ற வேண்டியது. எவ்வளவு ஓடியது என்று தெரியாத சென்சாருக்குக் கொடுக்கும் எந்த விலையும் அதிகம்தான்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

• பழைய சென்சாரின் உலோகத்தில் உள்ள எண். அதையும் கார் கம்பெனியின் பாக எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்சார் கம்பெனியின் அட்டவணையில் இரண்டும் பொருந்த வேண்டும்.

• முன்னதா, பின்னதா? கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒயர் நீளமும் கப்ளரும் வேறாக இருக்கலாம்.

• ஒயர் எத்தனை? நான்கு ஒயர் என்றால் பெரும்பாலும் சாதாரண வகை. ஐந்து ஒயர் என்றால் 'வைடு பேண்டு' எனப்படும் நுட்பமான வகை. ஒன்றுக்கு இன்னொன்று மாற்றே இல்லை. பாஷ் வைடு பேண்டு சென்சாரின் கப்ளருக்குள் அந்தந்தச் சென்சாருக்கென்றே அளவிட்ட ரெசிஸ்டர் இருக்கும். அந்தக் கப்ளரை வெட்டவே கூடாது.

• மரை. பெரும்பாலான கார்களில் 18 மி.மீ.; சிலவற்றில் 12 மி.மீ.

• முனைக்கு மூடி, மரையில் முன்பே தடவிய பசை, உலோகத்தில் தெளிவாகப் பொறித்த எண். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சந்தேகப்படுங்கள்.

• ஜி.எஸ்.டி. பில். போலி விற்பவர் பில் தரத் தயங்குவார்.

• கார் இன்னும் வாரண்டியில் இருந்தால் முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்கள். அவர்கள் இலவசமாக மாற்ற வேண்டியதை நீங்கள் காசு கொடுத்து மாற்ற வேண்டாம்.

விளக்கு எரிந்தாலே சென்சார் போய்விட்டதா?

மலிவான சென்சாரைவிட அதிகப் பணத்தை வீணாக்குவது தேவையில்லாமல் மாற்றிய சென்சார். ஸ்கேனர் காட்டும் 'கோடு' என்ற பழுதுக் குறியீடு ஒரு புகார் மட்டுமே; தீர்ப்பை மெக்கானிக்தான் சொல்ல வேண்டும்.

பி0135 என்று வந்தால் முன் சென்சாரின் ஹீட்டர் சுற்றில் கோளாறு. ஹீட்டர் அறுந்திருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், எலி ஒயரைக் கடித்திருக்கலாம். ஃபியூஸைப் பார்க்காமல் சென்சாரை மாற்றினால் புதியதும் வேலை செய்யாது. பி0133 என்றால் சென்சார் மெதுவாகப் பதில் சொல்கிறது. இதில் சென்சார்மேல் சந்தேகம் நியாயமானது. பி0171 என்றால் கலவை லீன். இங்கே சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கலாம்: காற்றுக் குழாயில் வெடிப்பு, அடைத்துக்கொண்ட இன்ஜெக்டர், வலுவிழந்த பெட்ரோல் பம்ப் எதுவானாலும் இந்தக் கோடு வரும். பி0420 என்றால் கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது என்று பின் சென்சார் தெரிவிக்கிறது. செய்தி சொன்னவரை மாற்றிவிட்டால் செய்தி மாறாது.

சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் சிறு ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சாரைக் குழப்பும். அதனால் கோடைப் படித்ததோடு நிறுத்தாத மெக்கானிக்கைத் தேடுங்கள். ஸ்கேனரில் 'லைவ் டேட்டா' என்ற பகுதியைத் திறந்து, எஞ்சின் சூடான பிறகு வோல்ட்டின் வரைபடம் ஏறி இறங்குவதைப் பார்க்கச் சொல்லுங்கள். அலைபோல அசைந்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது.

சென்சார் உண்மையிலேயே செத்திருந்தால் அடுத்த கேள்வி, அதைக் கொன்றது எது? எஞ்சின் ஆயில் எரிந்து புகையில் கலந்தாலும், கூலண்ட் கசிந்து உள்ளே போனாலும், தகாத சிலிக்கோன் சீலண்ட் பூசினாலும் சென்சார் முனையில் படிவு ஏறும். காரணத்தைத் தீர்க்காமல் புதியதை மாட்டினால் 7,400 ரூபாய் சென்சாரும் 950 ரூபாய் சென்சாரும் ஒரே கதியைத்தான் அடையும்.

மாட்டும்போது கவனம்

வேலை சிறியது; அவசரம் கூடாது. எஞ்சின் கொதிக்கும்போது கழற்றினால் கை வெந்துவிடும். முழுவதும் ஆறிவிட்டால் மரை இறுகி நிற்கும். வெதுவெதுப்பாக இருக்கும்போது துரு இளக்கும் எண்ணெய் தெளித்து, ஒயர் நுழைய வெட்டு வைத்த 22 மி.மீ. பாக்ஸ் ஸ்பானரால் கழற்றுவதே வழக்கம். வலுவாக இழுத்து மரையைக் கெடுத்தால் மேனிஃபோல்டு என்ற புகைக்குழாய்க்கே செலவு வரும்.

புதிய சென்சாரின் முனையைத் தொடக் கூடாது. கீழே விழுந்ததை மாட்டக் கூடாது, உள்ளிருப்பது பீங்கான். மரையில் பசை முன்பே இருந்தால் கூடுதலாகத் தடவ வேண்டாம். பசை முனையில் படவே கூடாது. 18 மி.மீ. மரைக்குப் பொதுவாக 40 முதல் 60 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். பெட்டியில் உள்ள தாளில் அளவு இருக்கும். ஒயர் முறுக்கிக்கொள்ளாமல், சூடான குழாயில் உரசாமல், பழைய கிளிப்பிலேயே பூட்ட வேண்டும். பிறகு கோடை அழித்துவிட்டு, நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் கொஞ்சம் ஓட்டிப் பார்த்து மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

ஏமாற்று வேலை வேண்டாம்

சில இடங்களில் இன்னும் மலிவான வழி ஒன்று சொல்வார்கள். பின் சென்சாருக்கு அடியில் 'ஸ்பேசர்' என்ற குழல் துண்டை வைத்து அதைப் புகையிலிருந்து தூக்கிவிடுவது, அல்லது இசியுவில் அந்தக் கோடே வராதபடி அழிப்பது. விளக்கு அணையும். புகை அப்படியே இருக்கும்.

பி.எஸ்.4, பி.எஸ்.6 பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்ஸைடு 0.3 சதவீதத்துக்குள்ளும், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்குக்குள்ளும் இருக்க வேண்டும். அந்த எண்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். சிக்னலில் நம் காரின் பின்னால் நிற்பது மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில் உட்கார்ந்திருக்கும் குழந்தை. நிழலில்லாத சந்திப்பில் எட்டு மணி நேரம் நிற்பவர் போக்குவரத்துக் காவலர். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. அவர்களால் அதைக் கண்டு விலக முடியாது. சென்சாரின் விலையில் மிச்சம் பிடிப்பது நம் உரிமை; அவர்களின் மூச்சில் மிச்சம் பிடிக்க நமக்கு உரிமை கிடையாது.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், ஒரு கிலோ எரிபொருளுக்கு வேண்டிய காற்று 14.7 கிலோவிலிருந்து 13.5 கிலோவை ஒட்டிக் குறைகிறது. இந்த மாற்றத்தைப் புகையில் பார்த்து இசியுவுக்குச் சொல்வதும் இதே சென்சார்தான். பழைய கார்களுக்கு நல்ல சென்சாரின் தேவை முன்பைவிட இன்று அதிகம்.

பழையதைக் கையில் வாங்குங்கள்

இரண்டாம் முறை ஜி.பி. ரோட்டுக்குப் போனபோது துடைத்த பழைய சென்சாரைக் கையோடு கொண்டுபோனேன். கடைக்காரர் இரண்டாவது பெட்டியைப் பிரித்து, புதியதைப் பழையதன் அருகே வைத்தார். எண்ணை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம். கப்ளரின் பற்களை எண்ணினோம். ஒயரை நீட்டி அளந்தோம். பில் போட்டுக் கொடுத்தார்: 3,100 ரூபாய். அயனாவரத்தில் கூலி 400. கம்பெனி விலையில் பாதிகூட ஆகவில்லை. ஒன்றரை வருடமாகிறது, மஞ்சள் விளக்கு எரியவில்லை, வண்டி மறுபடி லிட்டருக்கு 16 கொடுக்கிறது. முதலில் வீணாக்கிய 950 ரூபாயையும், நான்கு மாதமாக வெளியேறிய கெட்ட புகையையும் நான் மறக்கவில்லை.

என் மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பாகத்தை மாற்றினாலும் கழற்றியதைத் துடைத்துத் தாளில் சுற்றி வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவார். மாற்றியதற்குச் சாட்சி என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் அவரே காரணம் சொன்னார்.

"அடுத்த தடவை நான் இல்லாட்டியும் நீங்க சரியானதை வாங்கணும்ல சார்."

உங்கள் கார் சென்சாரை யார் மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்குங்கள். அதன் இரும்பில் செய்தவர் பெயரும் எண்ணும் இருக்கும். ஒரு துணியால் துடைத்து அதைப் படித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.